குடலை இட்லி, வீட்டு அடுப்பில்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாத இட்லியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது தட்டில் ஊற்றும் வட்ட இட்லி இல்லை. நீளமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து எடுக்கும் உருளை. அதைத் துண்டு போட்டுத்தான் தருவார்கள். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மணம் கையிலேயே ஒட்டிக்கொள்ளும். இதை வீட்டு அடுப்பில் முழு முறையோடு, டம்ளரில் ஊற்றும் குறுக்குவழி இல்லாமல், செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இந்த மார்கழியில் இறங்கினேன்.

ஆசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவுக்கு உளுந்து சேர்ந்த பலகாரம் எதைச் சாப்பிட்டாலும் மதியம் வரை வயிறு மந்தமாக இருக்கும். திட்டத்தைச் சொன்னதும் முதல் கேள்வியே அதுதான். "ஏற்கெனவே உளுந்து மந்தம். இதுல நெய் வேற, எண்ணெய் வேறயாடா?"

கேள்வி நியாயமானது. உளுந்து எளிதில் செரிக்காதது, நெய்ப்புள்ளது, வாதத்தைத் தணிப்பது, கபத்தையும் பித்தத்தையும் கூட்டுவது, உடலுக்கு வலுவூட்டுவது என்பதுதான் ஆயுர்வேதத்தின் கணக்கு. நம் வீடுகளில் வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதும் அந்த வலுவுக்காகத்தான். ஆனால் ஒரு தானியம் கனமானது என்று சொல்லிவிட்டு ஆயுர்வேதம் அதோடு நின்றுவிடுவதில்லை. ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையில் விமான ஸ்தானம் என்ற பகுதி, உணவின் குணத்தைத் தீர்மானிப்பவை என்று எட்டு விஷயங்களைச் சொல்கிறது. பொருளின் இயல்பு, அதைப் பக்குவம் செய்யும் முறை, எதனுடன் சேர்கிறது, எவ்வளவு, எந்த இடம், எந்தக் காலம், எப்படி உண்கிறோம், யார் உண்கிறார். இயல்பு அதில் ஒன்று மட்டும்தான். மீதி ஏழில் பெரும்பகுதி சமைப்பவர் கையிலும் சாப்பிடுபவர் கையிலும் இருக்கிறது. இந்த இட்லியைச் செய்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான். இன்று ஆரோக்கிய உணவு என்றால் பொருள்களின் பட்டியலை மட்டும் நீட்டுகிறோம். ஊறல், அரைப்பு, புளிப்பு, ஆவி, அளவு ஆகியவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில் குடலை. கூடை பின்னும் அண்ணன் ஒருவரிடம் போய் உயரத்தையும் குறுக்களவையும் சொன்னேன். "பூ வைக்கவா தம்பி?" என்றார். "இல்லண்ணே, இட்லி அவிக்க" என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சாயம் ஏத்தாத மூங்கில்ல போடணும். கொஞ்சம் இடம் விட்டே பின்றேன், ஆவி உள்ள போகணும்ல" என்றார். நான் கேட்க மறந்திருக்கக்கூடிய விஷயத்தை அவரே சொன்னது எனக்குப் பெரிய உதவி. கோயில் அளவு வீட்டுப் பாத்திரத்துக்குள் நிற்காது. அதனால் அரை அடி உயரம், நான்கு அங்குலக் குறுக்களவு. புதுக் குடலையை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கொதிநீரில் போட்டு எடுத்து, நிழலில் காயவைத்தேன். பச்சை மூங்கிலின் வாடை போக இது அவசியம். சிம்பு தட்டுகிறதா என்று உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்து, இருந்ததைத் தேய்த்து எடுத்தேன்.

இலையில் இரண்டையும் சோதித்தேன். வாழையிலை சுலபமாகக் கிடைக்கும், வாட்டினால் வளையும். ஆனால் ஒரே பெரிய இலையாகச் சுற்றும்போது பக்கவாட்டு ஆவியை அடைத்துவிடுகிறது, அதன் மணமும் மிளகு மணத்துக்கு மேலே நிற்கிறது. மந்தாரை இலை சின்னது, நடுவில் பிளந்தாற்போல இரண்டு மடல். பல இலைகளை ஓட்டின்மேல் ஓடு வேய்வதுபோல ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி அடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விளிம்புகளின் இடுக்கில் மாவு ஒழுகாது, ஆவி மட்டும் நுழையும். காய்ந்த இலைதான் கிடைத்தது. வெந்நீரில் ஊறவிட்டால் துணிபோல மடங்கும். அடியில் இரண்டு அடுக்கு, சுற்றிலும் ஒரு அடுக்கு, விலகும் இடத்தில் ஈர்க்குக் குத்து. இதற்கு மாற்று தேடவே வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்தது சுக்கு. கடையில் விற்கும் சுக்குப் பொடியைப் போட்டால் காரம் மட்டும் வரும், மணம் வராது. சித்த மருத்துவத்தில் சுக்குக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு என்பார்கள். அதனால் முழுச் சுக்கு வாங்கி, கத்தி முனையால் தோலைச் சுரண்டி எடுத்தேன். சாம்பல் நிறத் தோல் போனதும் உள்ளே வெளிர் மஞ்சள் தெரியும். புழுத்த சுக்கு இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும், சுரண்டும்போதே மாவாக உதிரும். அதை ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்தை வெறும் வாணலியில் சின்னத் தீயில் சூடேற மட்டும் புரட்டி, இடிகல்லில் தட்டினேன். நார் நாராகப் பிரியும். மிக்சியில் ஒரு சுற்று விட்டு, மெல்லிய துணியில் சலித்தால் நார் மேலே நின்று பொடி கீழே விழும். அந்த நாரையும் எறியவில்லை, மல்லிக் காப்பியில் போட்டுக் கொதிக்கவிட்டேன்.

மாவுக்கு நான் எடுத்த அளவு: பச்சரிசி ஒரு டம்ளர், புழுங்கலரிசி ஒரு டம்ளர், தோல் நீக்கிய முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. வழக்கமான இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடும் வீடுகளுக்கு இது அதிகமாகத் தெரியும். ஆனால் உருளை வடிவத்தில் மாவு தன் கனத்தைத் தானே தாங்கி நிற்க வேண்டும். அதற்கு உளுந்து வேண்டும். உளுந்தின் வழுவழுப்பில் இருக்கும் சர்க்கரைத் தொடர்களும் அதன் புரதமும்தான் நொதிக்கும்போது வரும் காற்றைக் குமிழாகப் பிடித்து வைக்கின்றன. அரிசிக்கு அந்த வேலை தெரியாது.

அரிசி நான்கு மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். உளுந்தை கிரைண்டரில் குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்து அரைத்தேன். தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் உளுந்து காணாது. கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி திரண்டு, ஒரு சொட்டு தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அரிசியை மட்டும் ரவைப் பதத்தில் கொரகொரவென்று எடுத்தேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கொரகொரப்பாக அரைப்பவர்களும் உண்டு. நான் பிரித்தே அரைப்பேன். உளுந்து முழுசாகப் பொங்கினால்தான் காற்று தங்கும், அரிசி கரடாக இருந்தால்தான் வெந்தபின் உள்ளே இடைவெளி இருக்கும். இரண்டுக்கும் வேண்டியது நேர் எதிரான அரைப்பு. பிறகு உப்பு போட்டுக் கையால் கலந்து வைத்தேன்.

மார்கழியில் புளிக்க வைப்பது தனி வேலை. சென்னையிலேயே இரவில் இருபது, இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும் மாதம். மாவு பொங்க முப்பதை ஒட்டிய வெப்பம் வேண்டும். மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீர் இருந்த பெரிய அண்டாவுக்குள் இறக்கி, மேலே தட்டு போட்டு, பழைய கம்பளியால் சுற்றி வைத்தேன். கோடையில் எட்டு மணி நேரத்தில் பொங்குவது இப்போது பதினான்கு மணி நேரம் எடுத்தது. அவசரப்படுத்தவில்லை. மாவைப் பொங்க வைக்கும் முக்கியக் கிருமியான லியூகோனாஸ்டாக் உளுந்தோடு கூடவே வருகிறது. வெளியிலிருந்து ஈஸ்டோ சோடாவோ போட வேண்டியதில்லை. அது கரியமில வாயுவை விட்டு மாவை உயர்த்தும், கூட்டாளிக் கிருமிகள் புளிப்பைக் கொண்டுவரும். வயிற்றில் காற்றை உண்டாக்குபவை பருப்பு வகைகளில் இருக்கும் ராஃபினோஸ் இனச் சர்க்கரைகள். ஊறலிலும் நொதித்தலிலும் அவை குறைகின்றன. சத்துகளைக் கட்டிப்போடும் ஃபைடிக் அமிலமும் குறைகிறது. இயல்பை மாற்றும் பக்குவம் என்று சரகர் சொல்வதை இந்த அண்டாவுக்குள்ளேயே காட்டலாம்.

தயிர் விஷயத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரம் இட்லி என்று வீடுகளில் செய்வதில் பெரும்பாலும் புளித்த தயிர் உண்டு. சுவைக்கு அது சரி. ஆனால் அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற ஆயுர்வேத நூலில் அதன் ஆசிரியர் வாக்படர், தயிரை இரவில் உண்ணாதே, சூடாக உண்ணாதே, நெய்யோ சர்க்கரையோ தேனோ பாசிப்பயற்றுச் சாறோ இல்லாமல் உண்ணாதே என்று வரிசையாகத் தடை போடுகிறார். ஆயுர்வேத முறையையும் ஒட்டிச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தயிரை ஆவியில் அவிப்பது எனக்கு ஒப்பவில்லை. அதனால் மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் அரை டம்ளர் தயிர் சேர்த்தேன், இன்னொன்றைத் தயிரில்லாமல் தன் புளிப்பிலேயே விட்டேன். தயிர் சேர்ந்தது மென்மையாக, கொஞ்சம் கேக் மாதிரி வந்தது. சேராதது கொஞ்சம் கெட்டி, ஆனால் மிளகும் சுக்கும் தனித்தனியாகத் தெரிந்தன. நான் இனி தயிரில்லாத கட்சி. சுவைக்காக மட்டும் செய்பவர்கள் தாராளமாகத் தயிர் சேர்க்கலாம்.

பொங்கிய மாவில்தான் மசாலா. ஒன்றரை தேக்கரண்டி மிளகை இரண்டாக மூன்றாக உடையும் அளவுக்கு மட்டும் தட்டினேன், அதே அளவு சீரகம் முழுதாக. இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் மிளகு, சீரகம், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி பெருங்காயம். மிளகின் காரச்சத்து தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். நெய்யில் பொரித்த மிளகு மாவு முழுக்கக் காரத்தைக் கொண்டுபோவது அதனால்தான். நெய் ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு தேக்கரண்டி சுக்குப் பொடி. மாவின் காற்று இறங்காமல் அடியிலிருந்து மேலாக நாலு புரட்டு, அவ்வளவுதான்.

இந்தச் சேர்க்கை புதியதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்தில் இட்டரிகா என்ற பலகாரம் வருகிறது. உளுத்தம் மாவில் செய்தது, மிளகு, சீரகம், பெருங்காயம் சேர்த்தது. அதில் அரிசி இல்லை, நெடுநேரப் புளிப்பு இல்லை. ஆனால் கனமான உளுந்துக்குப் பக்கத்தில் பசியைத் தூண்டும் மூன்று பொருள்கள் அப்போதே இருக்கின்றன. பின்னால் நம் இட்லி அரிசியையும் நொதிப்பையும் சேர்த்துக்கொண்டு மசாலாவைக் கழற்றிவிட்டது. காஞ்சிபுரத்து இட்லி அதைக் கழற்றவில்லை. எனக்கு இந்த இட்லி பிடித்துப்போனதற்கு இதுவே பாதிக் காரணம்.

இனி வேகவைப்பு. இங்கேதான் முழுக் கவனமும் போனது.

சாதாரண இட்லி பத்து நிமிடத்தில் வெந்துவிடுகிறதே, இது மட்டும் ஏன் இவ்வளவு நேரம் என்றால், சூடு விளிம்பிலிருந்து நடுவுக்குப் போக வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். நான்கு அங்குல உருளைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து எதையும் எதிர்பார்க்கக் கூடாது. உயரமான அலுமினிய அடுக்கில் மூன்று அங்குலத் தண்ணீர், அதற்குள் முக்காலித் தாங்கி, அதன்மேல் குடலை. தண்ணீர் கொதித்து ஆவி நன்றாகக் கிளம்பிய பிறகே குடலையை இறக்கினேன். மாவு குடலையில் முக்கால் பங்குக்குக் கீழேதான், மீதி அது எழும்ப. மேலே ஒரு மந்தாரை இலையை மூடி, அடுக்கின் மூடிக்கு வெள்ளைத் துணி கட்டினேன். இல்லாவிட்டால் மூடியில் திரளும் நீர் சொட்டி மேல்பாகம் கூழாகிவிடும்.

தண்ணீருக்குள் ஒரு பழைய காசைப் போட்டுவிட்டேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அது அடியில் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் மாறினால் தண்ணீர் குறைகிறது, நின்றால் வற்றிவிட்டது. பாட்டி காலத்து ஏற்பாடு, இதற்கு மேல் ஒரு கருவி தேவையில்லை. அரை மணிக்கு ஒருமுறை ஓரமாகக் கொதிநீரை ஊற்றினேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி, பாதி வெந்த மாவு நடுவில் அமுங்கிவிடும்.

முதல் இருபது நிமிடம் உளுந்து மணம்தான். அப்புறம் நெய். முக்கால் மணி கடந்ததும் சுக்கின் மணம் அடுப்படியைத் தாண்டி வாசல் வரை வந்துவிட்டது. எழுபத்தைந்து நிமிடத்தில் நீளமான ஈர்க்கை நட்ட நடுவில் இறக்கிப் பார்த்தேன். மேலே சுத்தமாக இருந்தது, நுனியில் மட்டும் மாவு ஒட்டியது. இன்னும் பதினைந்து நிமிடம். அடுத்த முறை ஈர்க்கு முழுதும் சுத்தம். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டேன். ஆவி அடங்கிய பிறகு குடலையைச் சாய்த்துத் தட்டினால் இலையோடு நழுவி வந்தது. பக்கமெல்லாம் மூங்கில் பின்னலின் வரி, அதன்மேல் இலை நரம்பின் வரி.

சூட்டோடு கத்தி போட்டால் ஒட்டும். நூலைச் சுற்றி இழுத்தால் சுத்தமாக அறுபடும். உள்ளே தேன்கூடு மாதிரி பெரிய துளைகள் கிடையாது, மெல்லிய ரவைப் பொரபொரப்பு, இடையில் உடைந்த மிளகு. சட்னி வேண்டியதே இல்லை. மிளகாய்ப் பொடி நல்லெண்ணெய் என்றால் கொஞ்சம் போதும்.

அளவுக்கு வருவோம். கனமான உணவை அரை வயிறோ அதற்கும் குறைவாகவோ உண்ணச் சொல்கிறார் சரகர். வயிற்றில் இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வெற்றிடம் என்பது வாக்படர் கணக்கு. தட்டு இட்லி நான்கு தின்னும் பழக்கத்தில் இதில் நான்கு துண்டு எடுத்தால் அம்மாவின் கேள்விக்குப் பதில் தப்பாகத்தான் வரும். விரல் தடிமனில் இரண்டு துண்டு வைத்தேன். நேரத்தையும் மாற்றினேன். ஏழு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடாமல், முந்தின இரவுச் சாப்பாடு செரித்து, ஏப்பத்தில் பழைய மணம் இல்லாமல், பசி எடுத்த பிறகு. அம்மாவுக்கு அது எட்டரைக்கு மேல் ஆனது. நெய் சேர்ந்ததற்குப் பின் வெந்நீர் குடிக்க வேண்டும் என்பதும் சரகர் சொன்னதே, ஒரு டம்ளர் கொடுத்தேன். மதியம் பன்னிரண்டரைக்கு அம்மாவே, "சோறு ஆச்சாடா? பசிக்குது" என்றார். உளுந்து சாப்பிட்ட நாளில் அவர் வாயில் இந்தச் சொல் வந்து எனக்கு நினைவில்லை.

இதை வைத்து எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். பித்த உடம்புக்காரர்களுக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் புளிப்பும் மிளகும் சேர்ந்தால் தொல்லைதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதுவும் அரிசி இட்லியே, நெய்யும் சுக்கும் அதை மருந்தாக்கிவிடாது. காலமும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் செரிமானத் தீ பலமாக இருக்கும், கனமான உணவையும் தாங்கும் என்கிறது ஆயுர்வேதம். நான் மார்கழியைத் தேர்ந்தெடுத்தது அதற்காகவே. சித்திரை வெயிலில் இதே இட்லியை எங்கள் வீட்டில் செய்ய மாட்டேன், அப்போது பழைய சோறும் மோரும் போதும்.

மிச்சமான துண்டுகள் மறுநாளும் நன்றாக இருந்தன, தோசைக்கல்லில் சொட்டு நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க விட்டுச் சாப்பிட்டோம். குடலையைச் சோப்பு போடாமல் வெந்நீரில் கழுவி, பின்னல் இடுக்கில் ஒட்டிய மாவைத் தேங்காய் நாரால் தேய்த்தெடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகே எடுத்து வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பூசணம் பிடிக்கும். தை பிறந்ததும் மறுபடி இறக்கப் போகிறேன். இம்முறை மிளகில் கால் பங்கைத் திப்பிலியாக மாற்றி, சுக்கு மிளகு திப்பிலி மூன்றும் சேர்ந்த முழுத் திரிகடுகமாகப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் திப்பிலி வாங்கி வெயிலில் போட்டாயிற்று.